மண்சரிவு என்பதை அடித்துவிட்டு

பதுளை பஸ்ஸுக்கு ஆசனம் பதியும் பெட்டிக்குள் இருக்கிறேன்.
பஸ்தியன் மாவத்தை. இரவு எட்டேகால்.
பயணிகள் சொல்லும் ஊரின் பெயரைத்
தகரத்தில் விழுந்து பாதியில் தின்கிறது மழை.

முன்னால் போன பஸ்ஸிலிருந்து பியசிறி எடுக்கிறார்.
"நங்கி, ஹல்துமுல்லையில் நிற்கிறேன்.
மேலே விடுகிறார்கள் இல்லை.
ரெண்டு பக்கமும் பத்துது."
இருமுகிறார்.
அவருக்குப் பின்னால் ஒரு குழந்தையும் இருமுகிறது.

மேசைக்கடியில் ஒரு பலகை வைத்திருக்கிறோம்,
மூன்று மொழியிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு:
மண்சரிவு காரணமாகப் பாதை மூடப்பட்டுள்ளது.
ஐப்பசியில் எடுப்போம், கார்த்திகையில் எடுப்போம்,
தை பிறந்ததும் துடைத்து உள்ளே தள்ளுவோம்.
இது ஆவணி.
தீக்கென்று எங்களிடம் பலகை இல்லை.

சிவப்பு மார்க்கரால் மண்சரிவை அடித்தேன்.
அதன் தலைக்கு மேல் தீ என்று எழுதினேன்.
ஒற்றை எழுத்து.
அவ்வளவு நீளச் சொல்லின் மேல்
எறும்பு மாதிரி உட்கார்ந்திருந்தது.

சனம் நம்பவில்லை.
குடைத் தண்ணீர் என் கொப்பியில் சொட்டச் சொட்ட
ஒருவர் கேட்டார்: "இந்த மழையிலயா?"

எப்படிச் சொல்வது அவருக்கு,
இந்தக் காற்றுத்தான் அது என்று.
கடலிலிருந்து வந்து
கோட்டையில் ஆள்களின் முதுகை நனைத்து
அவிசாவளை, இரத்தினபுரி என்று வழியெல்லாம் கொட்டிக்கொடுத்து
மலையேறி முடிக்கையில் மடியில் ஒன்றுமிருக்காது.
முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது
அதன் பெயர் கச்சான்.
மானாப்புல்லைப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கும்,
பிள்ளைகளின் உதட்டை வெடிக்கவைக்கும்.
பிறகு ஒரு பீடித்துண்டு போதும்.

பதினேழாம் ஆசனம் றொபின்சன்,
நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிறவன்.
நாளை மகளுக்குச் சடங்கு.
பட்டுப்பாவாடைப் பெட்டியை
ஷொப்பிங் பையால் சுற்றிக்
கைக்குழந்தை போலப் பிடித்திருக்கிறான்.
"வெல்லவாய பக்கமாச் சுத்திப் போவலாமாக்கா?"
அங்கே கல் உருளுதாம் என்றேன்.
வேர் கருகிவிட்டால் கல்லுக்குப் பிடி ஏது.

நான் எங்கள் வீட்டுக்கு எடுத்தேன்.
அண்ணன் தூக்கவில்லை.
நாலாவது தடவை அண்ணி தூக்கினாள். மூச்சிரைப்பு.
"பைனஸ் காட்டுக்கு வந்திருச்சு.
ஆம்பளைங்க பச்சைக் கொப்பால அடிக்கிறாங்க.
நாங்க லயத்துக்கு மேல தேயிலைய வெட்டிச் சாய்க்கிறோம்,
பத்தடி அகலத்துக்கு."
தேயிலையையா?
"கணக்கப்புள்ளதான் கத்தி குடுத்தாரு."

போன மாசம் விறகுக்கு ஒரு கொப்பு ஒடித்தாளென்று
அவளுடைய ஒருநாள் பேரை வெட்டியவர் அவர்.

எதற்கோ சிரித்தாள். லைன் போய்விட்டது.

காசு திருப்பிக் கொடுக்கத் தொடங்கினேன்.
ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எழுநூறு.
நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டின.
ஒரு பெண் எண்ணிப் பார்க்காமல்
தாலிக்கொடிக்குள் செருகிக்கொண்டு போனாள்.
றொபின்சன் வாங்கவில்லை.
"நாளைக்குத் தொறந்தா பதினேழு எனக்குத்தான்.
பேர அழிச்சிராதீங்க."
பெட்டியை மடியில் வைத்துச் சீமெந்துத் தூணில் சாய்ந்தான்,
சாரல் படாத பக்கம் பார்த்து.

ஒரு மணியிருக்கும். காற்று திசை மாறி உள்ளே அடித்தது.
பலகையைத் திருப்பி வைக்கப் போனபோது கண்டேன்:
உறையின் மேல் என் சிவப்பு கரைந்து
ஒழுகிக்கொண்டிருந்தது.
தீயும் போயிருந்தது, நான் கிழித்த கோடும்.
அடியில்
மண்சரிவு அப்படியே இருந்தது, ஒரு புள்ளி குறையாமல்.

ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம்.

சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு
மறுபடி எழுதினேன்.
இந்தமுறை கொஞ்சம் பெரிதாக.